பதினோரு மணிப் புகை

தராசுக் கொக்கியில் மாட்டிய விறகுக் கட்டு ஆடி நிற்கும்வரை மேகலா காத்திருந்தாள்.

இன்றும் ஐந்து கிலோ எரிந்திருக்கிறது.

இந்தப் புது அடுப்புக்கு ஒரு நாளைக்கு மூன்று போதும். ஒரு தொண்டு நிறுவனத்தார் அதை ஊரில் இருபது வீடுகளுக்குக் கொடுத்து, விறகையும் புகையையும் அளக்க மேகலாவை அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது வீடுகளில் கணக்கு சரி. பூமயில் வீட்டில் மட்டும் உதைத்தது.

சுவரில் தொங்கிய புகைமானியைக் கழற்றி மடிக்கணினியில் செருகினாள். திரையில் புகைக் கோடு: காலைச் சமையலுக்கு ஒரு மேடு. மாலைக்கு ஒன்று.

நடுவில், பதினோரு மணிக்கு, இன்னொன்று.

மூன்று நாளும்.

“அக்கா, ரெண்டு வேளைதான் ஒல வைக்கிறதாச் சொன்னீங்க?”

பூமயில் வாசலை எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் காத்தமுத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“மகளுக்கு ஏழு மாசம்” என்றாள், உதடு அசையாமல். “பக்கத்து ஊருதான். வேற சாதிப் பையனக் கட்டிக்கிட்டா. அவ பேர எடுத்தாலே அவுகளுக்கு ஆகாது. அவுக வயக்காட்டுக்குப் போனதும் ஆக்கிக் குடுத்து விடுறேன். எழுதிப்புடாத தாயி.”

மேகலாவின் பேனா தாளின் மேலேயே நின்றது.

எழுதாவிட்டால் அடுப்பு தோற்றதாகும். எழுதினால், அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் காத்தமுத்து.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறியபடி உள்ளே வந்தார்.

“என்னம்மா, வெறகு மிச்சமாகும்னீக. எங்க வீட்டுல மட்டும் கூடத் திங்குதாமே?”

பூமயில் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“வெறகு ஈரம்ங்கய்யா” என்றாள் மேகலா. அப்படியே எழுதினாள். அவள் எழுதிய முதல் பொய்க் குறிப்பு.

அவர் குனிந்து விறகுக் கட்டிலிருந்து ஒரு கருவேலங்குச்சியை உருவினார். சித்திரை வெயிலில் அவரே வெட்டி, அவரே காயப்போட்டு அடுக்கிய விறகு.

ஒடித்தார்.

படீரென்று முறிந்தது.

இரண்டு துண்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாளை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“ஆமா. ஈரந்தேன்.”

வாசல்வரை போனவர் திரும்பாமலே சொன்னார்.

“ஈர வெறகு கூடத்தான புடிக்கும். நாளைக்கு இன்னும் ரெண்டு கட்டை சேத்தே வையி, பூமயிலு.”