கல்லால மரம்

தைலம்மாள் என் காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

என் மனைவி சின்னம்மாளுக்குப் பதினாறாம் நாள் காரியம். பந்தியில் இருந்த சனம் சோற்றில் கை வைத்தபடியே எங்களைப் பார்த்தது.

"நாந்தான் மாமா அக்காவக் கொன்னுட்டேன். அந்த மரக்கன்ன அன்னிக்கே கிள்ளிப் போட்டிருந்தா செவுரு வுழுந்திருக்குமா?"

பக்கத்து வீட்டுக்காரி. புருஷன் இல்லாதவள். இருபது வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சிதம்பரத்தில் மகள் எழிலரசியோடு போய் இருந்துவிடுகிறேன், இனிமேல் முதுநகரில் எந்த முகத்தோடு நடமாடுவது என்கிறாள். சுவர் நின்ற அந்த ஒரு அடி இடத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

அந்த ஒரு அடி என்னுடையதுதான். அவள் புருஷன் சுவர் எடுத்தபோது என் பக்கம் தள்ளி எடுத்துவிட்டான். சர்வேயர் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் அவர்கள் வீட்டில் காபி குடித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு போனான். அளக்கிறவன் எவனையும் நான் நம்புவதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சுவர் உச்சியில், செங்கல் இடுக்கில், அந்தக் கன்று முளைத்தது. காக்கை போட்ட விதை. நாலே இலை.

முப்பது வருஷம் மரவாடியில் கட்டை சுமந்தவன் நான். படிப்பு இல்லாவிட்டாலும் மரம் தெரியும் என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. தைலம்மாள் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து என்ன மரம் என்று கேட்டாள். காம்பில் பால் வடிந்தது.

இச்சி.

மழமழவென்று முட்டை இலை. வளர்ந்தால் காம்போரம் இரட்டை இரட்டையாகச் சுண்டைக்காய் அளவில் காய் பிடிக்கும். பூ வெளியே தெரியாது, காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். வேர் முதலில் நூல், அப்புறம் கயிறு, அப்புறம் கடப்பாரை. சுவரில் கண்டால் யாரும் இரண்டு விரலால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

கல்லால மரம் என்றேன். தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருக்கிற மரம், கை வைத்தால் குடும்பம் விளங்காது என்றேன்.

கல்லாலை நானே பார்த்ததில்லை. அவளும் கோயில் பாட்டுகளில் கேட்டதோடு சரி.

சுவர் விழட்டும், மறுபடி எடுக்கும்போது சரியான இடத்தில் எடுக்க வைக்கலாம். அவ்வளவுதான் என் நினைப்பு.

தைலம்மாள் வியாழக்கிழமை தோறும் சுவரடியில் விளக்கு வைத்தாள். இந்தப் பக்கம் இறங்கிய வேருக்குச் சின்னம்மாளும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. பெண்டாட்டியானாலும் வாய் வாய்தானே.

சுவர் வயிறு தள்ளியது. தெற்கே, அவர்கள் பக்கமாகத்தான் தள்ளியது. அதை நான் அவ்வப்போது பார்த்து வைத்துக்கொண்டேன்.

தானே புயல் வடக்கேயிருந்து அடித்தது. ஓடு பறந்தது. சுவர் நின்றது. விடிந்த கொஞ்ச நேரத்தில் காற்று சட்டென்று ஓய்ந்தது. ஒரு இலை ஆடவில்லை. முடிந்தது என்று எல்லோரும் வெளியே வந்தோம். தெற்கேயிருந்து திரும்பி அடிக்கும் என்று எவன் கண்டான்.

சின்னம்மாள் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு நேராகச் சுவரடிக்குப் போனாள்.

அடியில் கை நுழையும் அளவுக்குப் புது விரிசல். நான் பார்த்தேன். வந்துவிடு என்றேன்.

"நம்மளக் காப்பாத்துன சாமி நம்ம மேலயா வுழும்? சும்மா இருங்க."

சொல்லிக்கொண்டே வேருக்குப் பொட்டு வைத்தாள்.

இப்போது தைலம்மாளைத் தூக்கி நிறுத்தினேன். உன் மேல் தப்பில்லை என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சனம் என்னைப் பெரிய மனுஷன் என்றது. அவள்தான் நம்பவில்லை. தை பிறந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டாளாம். தடுக்க ஒரு வார்த்தை போதும். பதினாறு நாளாக அது தொண்டையிலேயே இருக்கிறது.

அன்றைக்கும் அந்த ஒரு வார்த்தைதான். அது வெறும் இச்சிதான், விட்டுவிட்டு வாடி என்றிருந்தால் வந்திருப்பாள். காற்றே இல்லை. மெதுவாகச் சொன்னாலும் கேட்டிருக்கும்.

அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். விளக்கேற்றத் தைலம்மாள் நமத்துப்போன தீக்குச்சியைத் திரும்பத் திரும்ப உரசும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.