விளிம்பில் நடந்த எலி

ஆய்வுக்கூடத்தில், உயரத்தில் வைத்த பலகையில் இரண்டு எலிகள் இருந்தன. ஒன்று மூலையில் பதுங்கிக் கிடந்தது. மற்றது விளிம்பில் ராஜநடை போட்டது.

பயிருக்கு அடிக்கும் பூஞ்சைக்கொல்லி மருந்துக் கம்பெனி மேலாளரின் முகம் மலர்ந்தது. "சூரன் மாதிரி திரியுதே, அதுதானே எங்க மருந்தைச் சாப்பிட்டது? அப்புறம் என்ன குறை?"

"அதான் சார் குறை" என்றாள் ஆராய்ச்சி செய்த பெண். "எலின்னா விளிம்பைக் கண்டு பயப்படணும். உங்க மருந்து மூளையில சுரக்கிறதையே மாத்திடுச்சு. வெளிய விட்டா இது பூனை மடியில போய் உட்காரும்."

"அறிக்கையில கொஞ்சம் பூசி மெழுகக் கூடாதா? மருந்தை நிறுத்திட்டா என் வேலை போயிடும்."

"தெரியும் சார். மாத்த மாட்டேன்."

"மேலிடத்துல பேசுவேன்!"

"பேசுங்க. அவங்களுக்கும் இதே எலியைத்தான் காட்டுவேன்."

விருட்டென்று வெளியே வந்தவர் மனைவியைக் கைபேசியில் அழைத்தார்.

"என்னங்க, காயா பழமா?"

"காய்தான்டி. கெஞ்சியும் பார்த்துட்டேன், மிரட்டியும் பார்த்துட்டேன். கடைசிவரைக்கும் ‘சார், சார்’னே பேசி, அப்பன் வேலைக்கு உலை வெச்சுட்டா உன் பொண்ணு."

"ஐயையோ! அதுக்கு ஏங்க சிரிக்கிறீங்க?"

"இத்தனை வருஷத்துல, முடியாதுன்னு ஒரு வார்த்தை யார்கிட்டயாவது நான் சொல்லியிருக்கேனாடி? என் மக சொல்லிட்டா!"