தொட்டி மல்லிகை

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ருக்மிணி ஜன்னலோரத் தொட்டியில் மல்லிகை வளர்த்தாள். எதிர்வீட்டு சுந்தரவல்லிக்கு ஒரு பூ தந்ததில்லை. எழுபத்தெட்டு மே மாதம் லீவில் கும்பகோணம் போகும்போது மட்டும் தொட்டியை அவளிடம் விட்டுப் போனாள்.

சுந்தரவல்லி தினமும் காலை எட்டு மணிக்குச் சாதம் வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வேரில் ஊற்றினாள். செடி வாடவில்லை. நாளுக்கு நாள் அதிகமாகப் பூத்தது. பறித்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து ருக்மிணி பாதங்களில் கட்டோடு, சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

"என்னன்னே தெரியலை மாமி. கார்த்தால எட்டு மணியானா கால் ரெண்டும் வெந்து கொப்பளிச்சுடறது. டாக்டருக்கே புரியலை. தொட்டியை எடுத்துக்கட்டுமா?"

"இந்தக் காலோட எப்படித் தூக்குவே? இன்னும் ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும். நன்னா மொட்டு விட்டிருக்கு," என்றாள் சுந்தரவல்லி.

மறுநாள் காலை, உலையில் ஒரு செம்பு தண்ணீர் கூடுதலாக வைத்தாள்.