வெட்டிய அட்டை

மருந்துக்கடைப் பரமானந்தத்திடம் நல்ல சேதி சொல்லத்தான் தில்லைக்கரசி சிரித்த முகத்தோடு வந்தாள். எதை விழுங்கினாலும் தொண்டை அடைத்துத் திணறும் அவள் கணவர், இன்று பிரஷர் மாத்திரையைச் சிரமமில்லாமல் சாப்பிட்டுவிட்டாராம்.

"எப்படிக்கா முழுங்கினாரு?"

"அவராவது முழுங்குறதாவது! நுணுக்கி வாழைப்பழத்துல பிசைஞ்சு ஊட்டிட்டேன்ல!"

நேற்று அவளுக்கு வெட்டிக் கொடுத்தது போக மிச்சமிருந்த மாத்திரை அட்டையைப் பரமானந்தம் அவசரமாகத் திருப்பினார். 'பொடிக்கக் கூடாது' என்ற வரி இந்தப் பாதியில் இருந்தது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டிய மருந்து. பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

"மாமா இப்ப என்ன பண்றாரு?"

"அசந்து தூங்குறாரு தம்பி. கிளம்பும்போது உலுக்கிக்கூடப் பாத்தேன், அசையல. நல்லாத் தூங்கட்டும்னு போர்த்திவிட்டு வந்தேன்."