பிற்பாதி

முதல் திருகாணி கழன்று வந்தபோது சுவரின் சுண்ணாம்புத் தூள் பாக்யராஜின் புருவத்தில் உதிர்ந்தது.

மாதா சுரூபம் பழைய துண்டொன்றில் சுற்றப்பட்டு, ஏம்பலத்து அக்கா வீட்டுக்குப் போவதற்காகக் கட்டிலின்மேல் கிடந்தது. மிஞ்சியிருந்தது அது நின்ற பலகை மட்டுமே.

அவன் ஏறியிருந்த ஸ்டூலை லில்லி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி தடுப்பாள் என்று எதிர்பார்த்து, திருபுவனைத் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்திலேயே அவன் வாதங்களை அடுக்கி வைத்திருந்தான். அவளோ தானாகவே ஸ்டூலைப் பிடிக்க வந்துவிட்டாள். கண்கள் மட்டும் சிவந்திருந்தன. அழுதிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

இந்தப் பலகையின் கீழேதான் மாலைதோறும் ஜெபமாலை நடக்கும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் முற்பாதியைச் சொல்பவள் மகள் ஆரோக்கியசெல்வி. பிற்பாதி பெற்றோருக்கு.

வேலைக் களைப்பில் கண் சொக்கி அவன் பதில் சொல்லத் தவறினால், அவள் அடுத்ததற்குப் போகமாட்டாள். சொன்னதையே மறுபடி தொடங்குவாள், அவன் விழித்துப் பதில் சொல்லும்வரை.

போன மழைக்காலத்துக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மண்டியிட்டு அவன் மன்றாடிய எதற்கும் பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில் இனிப் பேசுவதில்லை என்று அவன் முடிவெடுத்தது அங்கேதான். அதன்பின் சிலுவைக்குறிகூடப் போட்டதில்லை.

கோயில் உபதேசியார் இன்னாசிமுத்து தெருவில் வழிமறித்து, “இன்னாபா, ஆண்டவருக்கே லீவு லெட்டர் குடுத்துட்டியாமே?” என்று சீண்டியபோது, “லீவு இல்ல பெரிப்பா, ராஜினாமா” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கடைசித் திருகாணியும் கழன்றது.

“எல்லாத்தையும் வுட்டுடுய்யா, நான் இன்னா கேக்கவா போறேன்?” என்றாள் லில்லி, பலகையைக் கையில் வாங்கியபடி. “தூக்கத்துல சொல்றத மட்டும் வுட்டுடாத.”

“தூக்கத்துல நான் இன்னாடி சொல்றேன்?”

“செபந்தான். ரெண்டாம் பாதி மட்டும். சொல்லிட்டு நிறுத்துவ. கொஞ்சம் வுட்டு மறுபடியும் சொல்லுவ.”

அவன் சிரித்தான்.

“ராஜினாமா குடுத்தவன் வாயில செபமா? அப்போ மொதல் பாதி நீ சொல்றியாக்கும்?”

“நான் வாயே தொறக்கறதில்ல.”

ஸ்டூலிலிருந்து இறங்குவதற்கு எடுத்த கால் பாதியில் நின்றது.

லில்லி முந்தானையால் பலகையின் தூசியைத் துடைத்தாள். பிறகு சிவந்த அந்தக் கண்களை உயர்த்தி அவனைப் பார்த்தாள்.

“நேத்து டபுள் ஷிப்ட் முடிச்சு வந்து, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்ட. ஒரு பதிலும் சொல்லல. பாவம்யா புள்ள... விடியிற வரைக்கும் மொதல்லேர்ந்து, மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிக்கினே இருந்துச்சு.”