ஆறாவது ஜோடி

"சரியா ஒரு மணி நேரம். அதுக்கு மேல லைன் செத்துக் கிடக்கக் கூடாது. மனசு விட்டுப்போய்க் கூப்பிடறவங்க, எடுக்கலைன்னா மறுபடி கூப்பிட மாட்டாங்க."

டெலிபோன் லைன்மேனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு மேலாளர் அம்மா மாடியேறினார். தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் மையம் அது. வயர் மாற்றும் வேலைக்காக லைனை நிறுத்தியிருந்ததால் பேசுகிறவர்கள் எல்லோரும் சாப்பிட வெளியே போயிருந்தார்கள்.

லைன்மேன் பழைய பெட்டியைத் திறந்தார். வாரம் முழுக்கச் சீப்பே படாத தலை மாதிரி உள்ளே வயர்கள். ஒரு லைனுக்கு இரண்டு வயர் என ஒவ்வொரு ஜோடியாகச் சிக்கெடுத்து, நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வரிசைப்படுத்தி, வயர்களை இணைக்கும் புது பிளாக்கின் பல்லிடுக்கில் வைத்து பஞ்ச் டூலால் அழுத்தினார். 'டக்'. வயர் உள்ளே இறங்க, மிச்ச நுனி அறுந்து விழுந்தது.

எது எந்த நம்பர் என்று பார்க்க, டெஸ்ட் போனின் கிளிப்பை வெளியிலிருந்து வரும் ஆறாவது ஜோடியில் மாட்டினார். மாட்டிய கையோடு மணி அடித்தது.

திடுக்கிட்டு எடுத்தார். "ஹலோ?"

மறுமுனையில் அழுதழுது அடைத்துப்போன ஒரு குரல்.

"யாரும் எடுக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ, நான் லைன்மேனுங்க. இருங்க, மேடத்தைக் கூப்பிடறேன்."

"வேண்டாம்! அவங்க வேண்டாம். நீங்களே இருங்க."

லைன்மேன் டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "சரிங்க, இருக்கேன். சொல்லுங்க."

"ஒருத்தர் என்கிட்ட மனசைக் கொட்டினார். பேசிட்டிருக்கும்போதே பாதியில விட்டுட்டுப் போயிட்டார். மூணு வாரமாச்சு, என்ன ஆனார்னே தெரியலை. நான்தான் ஏதோ தப்பா சொல்லிட்டேன். கண்ணை மூடினா அவர் குரல்தான் கேக்குது."

லைன்மேன் கையிலிருந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பெருசா பேச வராதுங்க. அவர் பேசினப்ப நீங்க கேட்டீங்கல்ல?"

"ஒரு வார்த்தை விடாம கேட்டேன்."

"அப்ப உங்க பக்கத்து லைன் சரியாத்தானே இருந்திருக்கு? அந்தப் பக்கம் எடுக்கறதும் வைக்கறதும் நம்ம கையிலயா இருக்கு?"

வெடித்துக்கொண்டு ஓர் அழுகை. லைன்மேன் குறுக்கே பேசவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. அழுகை தேய்ந்து விசும்பலானதும் மெல்லக் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை."

"முதல்ல ரெண்டு வாய் சாப்பிடுங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

லைன் துண்டித்தது.

போன நேரத்தைப் பிடிக்க லைன்மேன் அரக்கப்பரக்க வேலை செய்தார். டக், டக், டக். கடைசி ஜோடி இறங்கியபோது இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் அந்த அழுகை அப்படியே நின்றது. இதைச் சொல்லாமல் போகக்கூடாது என்று மாடியேறினார்.

"மேடம், நடுவுல ஒருத்தங்க கூப்பிட்டாங்க. ரொம்ப நொந்து போயிருக்காங்க. நான் வாய்க்கு வந்ததை உளறி வெச்சிருக்கேன். மறுபடி கூப்பிட்டா நீங்கதான் பக்குவமா பேசணும்."

ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த மேலாளர் அம்மா மெதுவாகத் திரும்பினார். கண்கள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. செல்போனுக்குப் பக்கத்தில் பாதி காலியான டிபன் டப்பா.

"நீங்க சொன்னப்புறம்தான் தம்பி, சாப்பிடவே உக்காந்தேன்."