ஸ்தல விசாரணை

“நெத்தியத் தொடச்ச, அவ்ளோதான்” என்றாள் எழிலரசி. வியர்வையைத் துடைக்கப்போன அம்மா பட்டம்மாள் முந்தானையைக் கீழே விட்டாள். பொட்டு தப்பித்தது.

சுவரிலிருந்த பைபிள் வசன காலண்டர் பரணுக்குப் போயிருந்தது. அந்த ஆணியில் இப்போது முருகன்.

குறிஞ்சிப்பாடியில் அந்தத் தெருவின் முதல் டிகிரி எழிலரசி. திங்கட்கிழமை கடலூரில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. கிறிஸ்தவர் என்று தெரிந்தால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. ஊருக்குள் சாதி மட்டும் அப்படியே இருக்கும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

ஆர்.ஐ. சபாபதி உள்ளே வந்து உட்கார்ந்தார். நெற்றி நிறைய விபூதி. கூட வந்த தலையாரி சடையப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“என்னா சாமிம்மா கும்புடுறீங்க?”

“முருகன் சார்.” எழிலரசி முந்திக்கொண்டாள்.

“உன்னக் கேக்கல. அவுங்க சொல்லட்டும்.”

“முருவந்தாங்க” என்றாள் பட்டம்மாள், தரையைப் பார்த்து.

“சர்ச்சுக்குப் போறீங்கன்னு பெட்டிஷன் வந்துருக்கே.”

“தெரிஞ்சவுங்க கல்யாணம்னா போவோம் சார்” என்றாள் எழிலரசி.

“பிரியாணி போட்டா நானுங்கூடத்தான் சார் போவேன்.” சடையப்பன் சிரித்தார்.

ஆர்.ஐ. எழுதினார். ‘இந்து. பரிந்துரைக்கிறேன்.’ எழிலரசி தலைகீழாகவே படித்துவிட்டாள்.

டீ கொடுத்தாள். அவர் தம்ளரை வாங்கி, கண்ணைத் தாழ்த்தி, கொஞ்ச நேரம் குடிக்காமல் வைத்திருந்தார். எங்க வீட்டு டீ தொண்டையில எறங்காதோ என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

“நாளைக்கித் தாலுக்கா ஆபீஸ்ல வந்து வாங்கிக்க.”

பட்டம்மாளின் கைகள் தானாகக் குவிந்தன. “ஸ்தோத்திரங்கய்யா.”

எழிலரசி அம்மாவின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“முருவன் கோயில்ல இது எப்பலேருந்து சார்?” என்றார் சடையப்பன்.

ஆர்.ஐ. நின்றபடியே பேனாவைத் திறந்தார். எழுதியதை அடித்தார். ‘கிறிஸ்தவர்’ என்று மேலே எழுதினார்.

“அம்மாவுக்கு வாய் தவறி வந்துருச்சி சார். இத்தோட என் வேல போச்சு சார்.”

“சடையப்பா, வண்டிய எடு.”

தலையாரி வெளியே போனார். எழிலரசி வாசலை மறித்து நின்றாள். “ஒரு வார்த்தைக்காவ என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க. பட்டையப் போட்டுக்கினு நாற்காலில ஒக்காந்துருக்கறவருக்கு எங்க கஷ்டம் என்னா சார் தெரியும்?”

வெளியே வண்டி உறுமியது. அதுவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஆர்.ஐ. குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு ஞானஸ்நானத்துல வச்ச பேரு தானியேலும்மா.”